வளை கேட்ட பெருச்சாளி

இந்தக் கதையை எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவே இருக்கிறது. ஏரிக்கரைப் பெருச்சாளிகளின் வழக்கு இது. வழக்கில் முன்னதைப் பின்னதாகச் சொல்லிவிட்டால் ஜெயித்தவர் தோற்றவராகிவிடுவார். நானோ ஆறாம் வகுப்போடு நின்றவள். அதனால் மெதுவாக, நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

ஏரிக்கரையில் மொக்கையன் என்று ஓர் ஆண் பெருச்சாளி இருந்தான். அவன் மனைவி செம்பாயி. மதகுக்குப் பக்கத்தில் இருவருக்கும் சொந்தமாக ஒரு பெரிய வளை இருந்தது. பெருச்சாளிகள் குடியிருக்கும் பொந்துக்கு வளை என்றுதான் பெயர். அதில் நெல் சேர்க்க ஓர் அறை, கடலை சேர்க்க ஓர் அறை, குட்டிகள் தூங்க வைக்கோல் பரப்பிய ஓர் அறை. மூலையில் ஒரு குப்பை அறை. படித்துறையில் குளிக்க வரும் பெண்கள் கழற்றி வைத்துவிட்டு மறந்துபோன கண்ணாடி வளையல்களும் பித்தளை வளையல்களும் உடைந்த துண்டுகளும் அங்கே கிடந்தன. குட்டிகள் உருட்டி விளையாடட்டும் என்று செம்பாயி இழுத்துவந்து போட்டவை அவை.

வளையைத் தோண்டியது செம்பாயி. உள்ளே இருந்து பல்லாலும் நகத்தாலும் மண்ணைப் பறித்துப் போடுவாள். மொக்கையன் வாசலில் நின்று அந்த மண்ணை வெளியே தள்ளுவான். தள்ளிவிட்டு மீசையைத் துடைத்துக்கொள்வான். கரையில் போகிறவர்கள், "மொக்கையன் எப்பேர்ப்பட்ட உழைப்பாளி!" என்று மெச்சுவார்கள். வாசலில் நிற்பவனைத்தானே ஊர் பார்க்கும்!

இப்படி இருக்கையில், கரும்புத் தோட்டத்தில் மொக்கையனுக்கு ஒருத்தி பழக்கமானாள். அவளும் பெருச்சாளிதான். வால் மட்டும் கொஞ்சம் நீளம். "எனக்குப் பெரிய வளை இருக்கு. வந்தீன்னா ராணி மாதிரி இருக்கலாம்" என்று அவளிடம் சொல்லிவைத்தான். பிறகு வீட்டுக்கு வந்தான்.

"ஏ புள்ள செம்பாயி! இனிமே நமக்குள்ள ஒத்துவராது. அத்துக்கிடுவோம்."

செம்பாயி குட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, பிள்ளைங்க இன்னும் கண்ணே திறக்கலையே!"

"கண்ணைத் திறந்தா என் மூஞ்சியைப் பார்த்துப் பாசம் வெச்சிடும். அதனாலதான் இப்பவே சொல்றேன்."

காட்டின் கோர்ட்டு வடக்கே, ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் இருந்தது. மரத்தின் இலை விரிந்ததும் கோர்ட்டு திறக்கும். இலை மூடியதும் கோர்ட்டு மூடிவிடும். நீதிபதி ஓர் ஆமை. வயதானவர், சாந்தமானவர். சிக்கலான கேள்வி வந்தால் தலையை ஓட்டுக்குள்ளே இழுத்துக்கொள்வார். அந்தக் காட்டில் அதற்குப் பெயர் வாய்தா. பெயர் கூப்பிடுவது, மனு வாங்குவது, முத்திரை குத்துவது எல்லாம் மரங்கொத்தி. கொண்டுவரும் இலையில் அலகால் 'டொக்' என்று ஒரு குத்துக் குத்தினால்தான் அது மனு. இல்லாவிட்டால் வெறும் சருகு.

பல வாய்தாக்களுக்குப் பிறகு இருவருக்கும் விவாகரத்து ஆனது. அடுத்து, சொத்து யாருக்கு?

"வளை என்னுது ஐயா!" என்றான் மொக்கையன். "நான்தான் மண் தள்ளினேன். கொக்கு சாட்சி!"

கொக்கு ஒற்றைக் காலில் நின்று சாட்சி சொன்னது. "ஆமாங்க. மண் தள்ளினது அவர்தான். கண்ணால பார்த்தேன்."

"உள்ளே தோண்டினது யாருன்னு கேளுங்க ஐயா!" என்று செம்பாயி கத்தினாள்.

"உள்ளே நடந்தது எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் கண்ணியமானவன். அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கிறதில்லை" என்றது கொக்கு.

ஆமை இரண்டு பக்கமும் பார்த்தார். தலை மெல்ல உள்ளே போகத் தொடங்கியது. கழுத்து மறைவதற்குள் அவசரமாக உத்தரவு போட்டார்.

"வர்ற அமாவாசைக்குள்ளே ரெண்டு பேரும் தங்களுக்கு என்ன வேணும்னு எழுதி மனுப் போடணும். மனுப் போட்டுக் கேட்டவங்களுக்குக் கேட்டது கிடைக்கும். போடாதவங்களுக்கு, மத்தவங்க வேண்டாம்னு விட்டதுதான். இதுதான் கெடு!"

செம்பாயிக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. ஐப்பசி மழை வரப்போகிறது. வளை போய்விட்டால், கண் திறக்காத குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு எங்கே போவாள்? மேலே வானத்தில் பருந்து, கீழே வரப்பில் சாரைப்பாம்பு. கெடு என்று பெயர் வைத்ததே கெடுப்பதற்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்து நடுங்கினாள்.

காட்டில் வக்கீல் என்றால் அண்டங்காக்கை ஒருவர்தான். கறுப்புக் கோட்டோடேயே பிறந்தவர். செம்பாயி வாய் நிறையக் கடலையை அடக்கிக்கொண்டு போய் அவர் மரத்தடியில் கொட்டினாள்.

"வக்கீல் ஐயா, எனக்கு ஒரு மனு எழுதித் தரணும். வளை வேணும்னு கேட்கணும்."

"எழுதிட்டாப் போச்சு! கவலைப்படாதே அம்மா. கெடுவுக்கு இன்னும் நாள் கிடக்கு. நாளைக்கு வா."

மறுநாள் போனாள். "நாளைக்கு வா." அதற்கு மறுநாளும் போனாள். "ஏம்மா இப்படிப் பறக்கிறே? பறக்கிறது என் வேலை. நீ நிம்மதியா வளையிலே இரு!" கடலை மட்டும் அன்றன்றைக்குத் தீர்ந்துகொண்டே வந்தது.

அமாவாசை அன்று காலையில் செம்பாயி போனபோது, மரத்தடியில் அவளுடைய மாஜிப் புருஷன் மொக்கையன் சப்பணமிட்டு உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான். அவள் கொண்டுவந்து கொட்டிய அதே கடலை!

"ஐயா! இவருக்கும் நீங்கதான் வக்கீலா?"

காக்கை வெட்கப்படவே இல்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல்னா சண்டை பாதியாக் குறையுமேம்மா!"

"அப்போ என் மனு?"

"அடடா! அவரோட மனுவிலே மூழ்கிட்டேன். உன்னோடதை மறந்தே போயிட்டேன். பரவாயில்லை, கெடு இருக்கே!"

"கெடு இன்னிக்கு ஐயா!"

"இன்னிக்கா? அப்படியா? கா!" என்று காக்கை ஆகாயத்தைப் பார்த்தது.

மொக்கையன் வயிறு குலுங்கச் சிரித்தான். "பாத்தியா புள்ள? நான் ஒரு நாளும் ஓடலை, பறக்கலை. உட்கார்ந்த இடத்துலேயே என் மனு தயாராயிடுச்சு!"

அவன் மனு தயாரான விதம் இதுதான். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் குழம்பும்.

அதற்கு முன்தினம் மொக்கையன் காக்கையிடம் வந்து, "எனக்கு வளை வேணும். அது மட்டும் போதும். மத்த குப்பையெல்லாம் அவளே வெச்சுக்கட்டும். எனக்குத் தாராள மனசுன்னு கோர்ட்டாருக்குத் தெரியணும்" என்றான்.

"வளையா? ஆகா! நானும் எத்தனையோ வெச்சிருக்கேன். அதன் அருமை எனக்குத் தெரியும்!" என்றது காக்கை.

காக்கை கூட்டில் இருக்கும் பிராணி. பூமிக்குள்ளே பொந்து பறித்து ஒருவர் குடியிருப்பார் என்று அது நினைத்துப் பார்த்ததே இல்லை. காக்கைக்கு வளை என்றால், படித்துறையில் பெண்கள் கழற்றி வைக்கும்போது கொத்திக்கொண்டு பறப்பது, வெயிலில் மினுமினு என்று மின்னுவது, அதுதான். அத்துடன் ஒரு வரியில் மனு எழுதினால் வக்கீலுக்கு என்ன மரியாதை? ஆகவே நீட்டி எழுதியது. எழுதி முடித்து, "படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டது.

மொக்கையன் கொட்டாவி விட்டான். "எதுக்கு? வக்கீல் எழுதினா சரியாத்தான் இருக்கும். எங்கே கால் பதிக்கணும், அதைக் காட்டுங்க."

சேற்றில் காலை நனைத்து இலையில் ஒரே அழுத்து. காக்கையே அதைக் கொண்டுபோய் முத்திரையும் வாங்கிவிட்டது. வேலை முடிந்தது.

செம்பாயி காக்கையிடம் இனிப் பேசிப் பயனில்லை என்று கண்டாள். பக்கத்தில் கிடந்த ஓர் ஆலிலையை எடுத்துப் பல்லால் கீறித் தானே மனுவை எழுதினாள். கோர்ட்டுக்கு ஓடினாள். மரங்கொத்தி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"என்னம்மா இது?"

"மனுங்க."

"இது ஆலிலை. மனு அரசிலையில்தான் இருக்கணும்."

"என்ன எழுதியிருக்குன்னு பாருங்களேன்!"

"எழுதினதைப் பார்க்கிறது நீதிபதி. இலையைப் பார்க்கிறது நான்."

மறுபடி ஓடினாள். அரசமரம் ஏரியின் அந்தக் கரையில் இருந்தது. இலை பொறுக்கி, எழுதி, மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

மரங்கொத்தி ஒற்றைக் கண்ணால் பார்த்தது. "அரசிலைதான். ஆனா நுனி கிழிஞ்சிருக்கே! அரசிலைக்கு அழகே நுனிதானேம்மா?"

"ஓடி வந்ததிலே முள்ளிலே மாட்டிக்கிட்டுதுங்க. குட்டிங்க பசியோட கிடக்கு. ஒரு குத்துக் குத்துங்க ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"புண்ணியத்துக்கு இங்கே முத்திரை கிடையாது" என்றது மரங்கொத்தி.

மூன்றாவது தடவை அவள் வந்து சேர்ந்தபோது தூங்குமூஞ்சி மரத்து இலைகள் ஒவ்வொன்றாகக் கைகூப்பிக்கொண்டிருந்தன. அவள் மரத்தடியை மிதிப்பதற்குள் கடைசி இலையும் மூடிக்கொண்டது. மரங்கொத்தி அலகை இறகுக்குள் செருகிக்கொண்டது.

"கெடு முடிஞ்சது!"

முழுசான அரசிலையைப் பிடித்துக்கொண்டு செம்பாயி அங்கேயே உட்கார்ந்தாள். இனி மொக்கையன் வேண்டாம் என்று விட்டது மட்டும்தான் அவளுக்கு.

தீர்ப்பு நாள் வந்தது. மரங்கொத்தி கிளையில் தட்டித் தட்டிக் கூப்பிட்டது. "மொக்கையன், மொக்கையன், மொக்கையன்! செம்பாயி, செம்பாயி, செம்பாயி!"

மொக்கையன் எண்ணெய் தடவிய மீசையோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த கையோடு கண்ணை மூடிக்கொண்டான். செம்பாயி ஓரமாக நின்றாள்.

ஆமை மனுவை வாங்கிப் படிக்கத் தொடங்கினார். "கணவர் கேட்பது என்னவென்றால், வளை யாவும் அவருக்கே சேர வேண்டும்..."

செம்பாயி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். போச்சு! எல்லாம் போச்சு!

ஆமை நிதானமாகப் படித்துக்கொண்டே போனார். "...அதாவது, கண்ணாடி வளை, பித்தளை வளை, பச்சை வளை, சிவப்பு வளை, கைக்குப் பெரிய வளை, கைக்குச் சிறிய வளை, உடைந்த வளை, உடையாத வளை..."

செம்பாயி அழுகையை நிறுத்தினாள். உடைந்த வளையா?

"...ஆகிய மினுமினுக்கும் வளைகள் யாவும். மற்றவை அனைத்தும் தமக்கு வேண்டியதில்லை என்றும், அவற்றை மனைவியே வைத்துக்கொள்ளலாம் என்றும் தாராள மனதுடன் தெரிவித்திருக்கிறார்."

மொக்கையன் முன்வரிசையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"கேட்டதைக் கொடுப்பதுதான் சட்டம்" என்றார் ஆமை. அவருக்கு இவ்வளவு சுலபமான வழக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. "வளையல்கள் கணவருக்கு. அவர் வேண்டாம் என்ற நெல், கடலை, வைக்கோல், அவை இருக்கும் பொந்து எல்லாம் மனைவிக்கு!"

பொந்து என்ற சொல் காதில் விழுந்ததும் மொக்கையனுக்கு முழிப்பு வந்தது.

"ஐயையோ! பொந்தா? பொந்து என்னுது! நான் கேட்ட வளை அதுதான்!"

"நீ கேட்டது இதோ இருக்கே. உடைந்த வளை உட்பட! குடியிருக்கும் பொந்து உடைந்து கிடந்தால் யாராவது கேட்டு வாங்குவாங்களா? இதிலே உன் கால் பதிந்திருக்கா இல்லையா?"

"பதிஞ்சிருக்குங்க. ஆனா நான் படிக்கலை!"

"அதற்குச் சட்டத்தில் தனி மரியாதை கிடையாது."

மொக்கையன் காக்கையின் மேல் பாய்ந்தான். "யோவ் வக்கீலு! என்னய்யா எழுதித் தொலைச்சே?"

காக்கை ஒரு கிளை மேலே ஏறிக்கொண்டது. "நீ வளைன்னே, நான் வளைன்னு எழுதினேன். உங்க ஜாதியிலே வளைன்னா பொந்துன்னு எனக்கு யார் சொன்னா? அதோடு, எத்தனை விதமா அழகா எழுதியிருக்கேன், அதைப் பார்க்க மாட்டியா?"

மொக்கையன் தரையில் விழுந்து புரண்டான். ஆமைக்குச் சங்கடமாகிவிட்டது. தலை உள்ளே போகத் தொடங்கியது. பாதி போன நிலையில் சொன்னார். "தப்பு இருந்தா திருத்த மனுப் போடலாம். வர்ற பௌர்ணமிதான் கெடு. அன்னிக்கு இலை மூடறதுக்குள்ளே வரணும்!"

செம்பாயிக்கு வந்த உயிர் பாதியாய்ப் போயிற்று. கெடு இப்போது மொக்கையன் கையில்! ஓர் அரசிலை, ஒரு 'டொக்', அவ்வளவுதான். குட்டிகளை அணைத்துக்கொண்டு பௌர்ணமியை எண்ணி எண்ணிப் பயந்தாள்.

அவள் அவ்வளவு பயந்திருக்க வேண்டியதில்லை. மொக்கையனைத் தெரிந்தும் பயந்தாள்.

மறுநாளே மொக்கையன் வடக்கே கிளம்பினான். வரப்பில் மண்வெட்டியோடு ஒரு மனிதன் குறுக்கே போனான். "சகுனம் சரியில்லை. மனுசன் குறுக்கே போயிட்டான்" என்று திரும்பிவிட்டான். அடுத்து அஷ்டமி வந்தது. அஷ்டமி போனதும் நவமி வந்தது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். வியாழக்கிழமை நல்ல நாள்தான், ஆனால் கரும்புத் தோட்டத்தில் விருந்து. ஒரு நாள் எல்லாம் பொருந்தி வந்தது. காலை எடுத்து வைத்தான். பல்லி கத்தியது.

"தெற்கே இருந்து கத்துச்சா, மேற்கே இருந்தா?" என்று யோசித்துக்கொண்டே படுத்துத் தூங்கிவிட்டான்.

காக்கையும் அவனைத் தட்டிக்கொடுத்தது. "அவசரப்படாதே! கடைசி நாள்லதான் போடணும். அப்பத்தான் எதிராளிக்குப் பதில் மனுப் போட நேரம் இருக்காது. இது வக்கீல் வித்தை! போன தடவை அவ படாத பாடு படலையா?"

"அதுவும் சரிதான்! கெடு என்ன ஓடியா போகுது?" என்றான் மொக்கையன்.

பௌர்ணமி வந்தது. காலையில் வயிறு நிறையத் தின்றான். ராகுகாலம் கழியட்டும் என்று உட்கார்ந்தான். கழிந்தது. எமகண்டம் வந்தது. அதுவும் கழிந்தது. மீசைக்கு எண்ணெய் போட்டான். முழுசான அரசிலை, நுனி கிழியாதது, காக்கை எழுதித் தந்தது, இந்தத் தடவை அவனே படித்தும் பார்த்தது. அதை வாயில் கவ்விக்கொண்டு ராஜநடை நடந்தான். பொழுது இன்னும் உச்சியைவிட்டு நன்றாகச் சாயவில்லை. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கிறதே!

பாதி வழியில் கிழக்கே இருந்து கருமேகம் கிளம்பியது. குளிர்ந்த காற்று வீசியது. வானம் இருண்டது. மொக்கையன் வழியில் ஒரு சேப்பங்கிழங்கைக் கண்டு நின்று, கொஞ்சம் கொறித்துவிட்டு, மெல்ல வந்து மரத்தடியை அடைந்தான்.

மரங்கொத்தி அலகை இறகுக்குள் செருகிக்கொண்டிருந்தது.

"அண்ணே! மனு!"

"கெடு முடிஞ்சது."

"என்ன விளையாட்டு இது? இப்பத்தானே மத்தியானம்!"

"மேலே பாரு."

மொக்கையன் மேலே பார்த்தான். மழை வரும் இருட்டுக்குத் தூங்குமூஞ்சி மரம் தன் இலை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு நின்றது. ஓர் இலைகூடத் திறந்திருக்கவில்லை.

"மேகம்தானே மறைச்சிருக்கு! சூரியன் அங்கேதான் இருக்கு அண்ணே!"

"இலை மூடறதுக்குள்ளேன்னுதான் உத்தரவு. சூரியனைப் பத்தி ஒரு பேச்சும் இல்லை. சூரியன் நம்ம கோர்ட்டு சிப்பந்தி கிடையாது" என்றது மரங்கொத்தி.

மழை கொட்டியது. அரசிலை பல்லில் கடிபட்டு வாயிலேயே கூழானது. ஐப்பசி மழை தொடங்கியது அன்றைக்குத்தான்.

இத்துடன் கதை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. தீர்ப்பு வாங்கியதும் நிம்மதி வந்துவிடும் என்று யார் சொன்னது?

மொக்கையன் நனைந்த உடம்போடு நேரே செம்பாயியின் வாசலுக்கு வந்தான். "கோர்ட்டு கிடக்கட்டும் புள்ள! நான் மண் தள்ளின வளை!" என்று கத்தினான். அவள் பல்லைக் காட்டிச் சீறியதும் போய்விட்டான். ஆனால் அதற்குப் பிறகு கத்தாமல் வரத் தொடங்கினான். பெருச்சாளி அடி எடுத்து வைத்தால் எறும்புக்குக்கூடக் கேட்காது. செம்பாயி இரை தேடிவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பாள். நெல் அறை குறைந்திருக்கும். இன்னொரு நாள் கடலை அறை குறைந்திருக்கும். ஒரு நாள் குட்டிகள் படுத்திருந்த வைக்கோலே கலைந்து கிடந்தது. ஒரு குட்டி வாசல் வரைக்கும் உருண்டு வந்து மழையில் விறைத்துக் கிடந்தது. நல்லவேளை, உயிர் இருந்தது.

"நெல்லுதான் எடுக்க வந்தேன். இது காலில் இடறுச்சு, தள்ளிவிட்டேன். தள்ளுறதுதானே என் வேலை!" என்று கரும்புத் தோட்டத்தில் அவன் சொல்லிச் சிரித்தது அவள் காதுக்கும் வந்தது.

செம்பாயி அன்று முழுவதும் குட்டியை வயிற்றோடு வைத்துச் சூடு காட்டினாள். மழை விட்டது. தூங்குமூஞ்சி மரம் கண் விழிப்பதற்கு முன்பே அவள் கோர்ட்டில் நின்றாள். வாயில் மூன்று அரசிலை. மூன்றிலும் ஒரே மனு. ஒன்று கிழிந்தால் ஒன்று, ஒன்று நனைந்தால் ஒன்று.

முதல் இலை விரிந்ததும், "இந்தாங்க" என்று நீட்டினாள்.

மரங்கொத்தி திருப்பித் திருப்பிப் பார்த்தது. குறை ஒன்றும் கிடைக்கவில்லை. மனம் வராமல் குத்தியது. டொக்!

ஆமை படித்தார். "அம்மா, என்ன கேட்கிறே? அவன் திருடுகிறான்னு ஒரு வார்த்தைகூட இதிலே இல்லையே?"

"இல்லீங்க ஐயா. திருடுறான்னு சொன்னா சாட்சி கேட்பீங்க. கொக்கு வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்காது. நான் கேட்கிறது சின்ன விசயம். தீர்ப்புப்படி வளையெல்லாம் அவரோட சொத்து. அது இன்னும் என் வீட்டிலேயே கிடக்கு. அடுத்தவர் சொத்தை வெச்சிருக்க எனக்குப் பயமா இருக்கு. தொலைஞ்சா என் மேல வழக்கு வரும். அதனால அதை அவர்கிட்ட சேர்ப்பிச்சு, எப்பவும் அவர் உடம்பிலேயே இருக்கும்படி உத்தரவு போடணும்."

சாட்சியும் இல்லை, சண்டையும் இல்லை. ஆமைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தலையை உள்ளே இழுக்காமலேயே உத்தரவு போட்டார்.

மரங்கொத்தி வளையல்களைக் கொடியில் கோத்து எடுத்துக்கொண்டு கரும்புத் தோட்டத்துக்குப் போனது. மொக்கையன் குதித்தான். "எனக்கு வேண்டாம் இந்தக் கருமம்!"

காக்கை பறந்து வந்து காதில் சொன்னது. "முட்டாள்! வேண்டாம்னு சொல்லிடாதே! வாங்கிக்க மாட்டேன்னா தீர்ப்பையே நிராகரிச்ச மாதிரி ஆயிடும். மேல்கோர்ட்டுக்குப் போக முடியாது. மேல்கோர்ட்டிலே யானை இருக்கார். அங்கே ஜெயிக்கலாம்!"

"ஜெயிக்கலாமா?"

"நிச்சயமா! அதுக்கும் ஒரு கெடு இருக்கு. ஆனா அவசரமில்லை."

மொக்கையன் கழுத்தை நீட்டினான். பச்சை, சிவப்பு, பித்தளை என்று வரிசையாக ஏறியது. கொழுத்த கழுத்தில் இறுகிக்கொண்டது. துண்டு வளையல்களைக் கொடியில் கோத்து இடுப்பில் கட்டிவிட்டது மரங்கொத்தி. 'பெற்றுக்கொண்டேன்' என்று இன்னோர் இலையில் கால் பதித்தான். அதையும் படிக்கவில்லை.

கரும்புத் தோட்டத்துக்காரி வெளியே வந்து பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்குப் பெரிய வளை இருக்கு, பெரிய வளை இருக்குன்னியே, இதுதானா அது?" என்று கேட்டாள். நீண்ட வாலைச் சுழற்றிக்கொண்டு கரும்புக்குள்ளே போனாள். பிறகு வரவே இல்லை.

மொக்கையன் இப்போதும் ஏரிக்கரையில் திரிகிறான். மேல்கோர்ட்டுக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருக்கிறான். மதகுப் பக்கம் அவன் திரும்பினாலே போதும், கிலுங் கிலுங் என்று சத்தம் வந்துவிடும். கண் திறந்த குட்டிகள், "அம்மா! வளை வருது!" என்று கத்தும். செம்பாயி இரையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். வந்து குட்டிகளை உள்ளே தள்ளி, வாசலை மண் போட்டு உள்ளே இருந்து கெட்டியாக அடைத்துக்கொள்வாள். சத்தம் ஓய்ந்து போன பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு பிடி மண் போடுவாள்.

கேட்பது என்ன என்று தெளிவாக எழுதாமலும், எழுதியதைப் படிக்காமலும், கெடு ஓடிப்போகாது என்று படுத்திருப்பவனுக்கு, வீடே அவனுடையதாக இருந்தாலும் கழுத்தில் ஏறும் வளையல்தான் மிஞ்சும்.